நான்கு சக்கர இழுவை வண்டி வாங்குமுன்: எந்த வகை, எந்த இணைப்பு?

மழைக்காலத்தில் சேறாகிவிடும் வண்டிப்பாதையுள்ள ஊர்களில், ஜீப் வகை வண்டி வாங்கலாமா என்று உழவர்கள் கேட்பது அண்மையில் மிகுந்துள்ளது. சென்னையின் தெற்குப் புறநகரில் இக்கேள்விக்குத் தனிக் காரணமும் உண்டு. அனகாபுத்தூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் பகுதிகளில் குடியிருப்போருள் சிலருக்கு நிலம் குன்றத்தூருக்கு அப்பால், சோமங்கலம், மணிமங்கலம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் உள்ளது. இவர்கள் பாதித் தொலைவைத் தார்ச்சாலையிலும், மீதியை ஏரிக்கரை மண்பாதையிலும் கடக்க வேண்டியுள்ளது. இத்தகையோரை மனத்தில் கொண்டே இப்பாடம் எழுதப்படுகிறது. ஏனைய மாவட்டத்து உழவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஷோரூமுக்குச் சென்றால் ஒரே பெயருள்ள வண்டி ஐந்தாறு வகைகளில் வைக்கப்பட்டிருக்கும். கீழ்நிலை வகைக்கும் மேல்நிலை வகைக்கும் விலையில் பல லட்சம் வேறுபாடு இருக்கும். இவ்வேறுபாட்டில் எவ்வளவு பணம் சேற்றில் உதவுகிறது, எவ்வளவு பணம் தொடுதிரைக்கும் இருக்கை உறைக்கும் போகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். விலைப்பட்டியல் இதனைப் பிரித்துக் காட்டுவதில்லை. வாங்குபவர்தாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நாள் கணக்கு

ஒரு குறிப்பேட்டில் சென்ற ஆண்டின் ஐப்பசி முதல் மார்கழி வரை உள்ள நாட்களை எழுதிக்கொள்ளுங்கள். இப்போதுள்ள வண்டியோ, அயலார் வண்டியோ நிலம் வரை போக இயலாமல் நின்ற நாட்கள் எத்தனை? அந்நாட்களில் போயே ஆகவேண்டிய வேலை இருந்த நாட்கள் எத்தனை? பலருக்கு இரண்டாவது எண்ணிக்கை பத்துக்குள் அடங்கிவிடும். பத்து நாட்களுக்கு டிராக்டர் வாடகை கொடுப்பது, வண்டியின் விலையில் இரண்டு மூன்று லட்சம் கூட்டிக் கொடுப்பதைவிட மலிவு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு உழவர் பெரும்பாலோருக்கு நான்கு சக்கர இழுவை தேவையே இல்லை என்பது எம் கருத்து. தேவைப்படுவோர் யாரெனில், பால், கீரை, பூ, காளான் போன்று நாள்தோறும் சந்தைக்குப் போயாக வேண்டிய பொருளை விளைவிப்போரும், நிலத்திலேயே குடியிருப்போரும், சரிவான மலைநிலம் வைத்திருப்போருமாவர்.

மூட்டை ஏற்றுவதே முதல் வேலை என்றால் ஜீப்பை விட்டுவிட்டுப் பிக்-அப் வண்டியைப் பார்ப்பதே நன்று. ஜீப்பின் பின்புறத்தில் நாலைந்து மூட்டைக்குமேல் எதிர்பார்க்க இயலாது. மகிந்திராவின் பொலிரோ பிக்-அப், கேம்பர் வண்டிகளில் நான்கு சக்கர இழுவை வகைகளும் வந்துள்ளன. சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சரக்கு வண்டியாகப் பதிவு செய்தால் முதல் எட்டாண்டுக்கு இரண்டாண்டுக்கொரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியைச் சாதாரண இலகு வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

சேற்றில் உதவும் மூன்று உறுப்புகள்

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இவை புதியவை அல்ல. ஆதலின் டிராக்டரைக் கொண்டே விளக்குவோம்.

முதலாவது, நான்கு சக்கர இழுவை. பேச்சில் ‘ஃபோர் வீல்’ என்பது இதுவே. சாதாரண வண்டியில் என்ஜினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. இவ்வகையில் ஒரு லீவரைப் போட்டால் முன்சக்கரங்களுக்கும் விசை பகிரப்படுகிறது. தார், ஜிம்னி, கூர்க்கா ஆகியவற்றில் இது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் அமைப்பு. காய்ந்த தார்ச்சாலையில் இதனைப் போட்டு ஓட்டக்கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தொலைவு உருள்வதால் பல்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும்.

இரண்டாவது, லோ கியர். டிராக்டரில் ‘ஹை - லோ’ லீவர் இருப்பதைப் போன்றதே இது. லோவில் போட்டால் வண்டி மெதுவாகவும் மிகுந்த இழுவிசையுடனும் நகரும். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் என்ஜினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். கார் வகை வண்டிகள் சிலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். ஆனால் லோ கியர் இருக்காது. ‘ஆல் வீல் டிரைவ்’ என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் இதனைத் தவறாமல் கேளுங்கள். ஈரமான தார்ச்சாலைக்கும் மலைச்சாலைக்கும் அவை நல்லவை. முழங்கால் சேற்றுக்கு உரியவை அல்ல.

மூன்றாவது, டிஃபரன்ஷியல் லாக். இதுவே பலரும் கேட்க மறக்கும் உறுப்பு. வண்டி திரும்பும்போது உட்புறச் சக்கரத்தைவிட வெளிப்புறச் சக்கரம் அதிகம் சுழல வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல். நல்ல சாலையில் உதவும் இவ்வுறுப்பே சேற்றில் காலை வாருகிறது. ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். கெட்டி மண்ணில் நிற்கும் மறுசக்கரம் அசையாது. டிராக்டர் ஓட்டுபவர் இந்நிலையில் என்ன செய்கிறார்? குதிகாலருகே உள்ள லாக் பெடலை மிதிக்கிறார். இரு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி வெளியேறுகிறது. திரும்புமுன் பெடலை விட்டுவிடுகிறார். ஜீப்பிலும் வேலை இதுவே.

நான்கு சக்கர இழுவை இருந்தும் லாக் இல்லையெனில், முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் மூலைக்கு மூலையாக ஒரு சக்கரமும் சுழன்றுகொண்டு வண்டி நின்றுவிடுவதுண்டு. வாய்க்காலைக் குறுக்கே கடக்கும்போது இது நேரும்.

லாக் மூன்று விதமாக வருகிறது. ஓட்டுபவரே லீவரால் பூட்டும் முறை கூர்க்காவில் உள்ளது. முன்னச்சு, பின்னச்சு இரண்டிற்கும் தனித்தனி லாக் உண்டு. இரண்டாவது, ஒரு சக்கரம் மற்றதைவிட அளவுக்கு மீறிச் சுழன்றால் தானாகவே பூட்டிக்கொள்ளும் இயந்திர முறை. இது தாரின் சில வகைகளில் பின்னச்சில் வந்தது. மூன்றாவது பிரேக் முறை. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மறுசக்கரத்துக்குத் தள்ளும். ஜிம்னியில் இருப்பது இது. சிறு பள்ளங்களுக்கு இது போதும். நெடுந்தொலைவு சேற்றில் பிரேக் சூடேறும் என்பதால் இயந்திர லாக்குக்கு இது முழு ஈடாகாது. விற்பனையாளர் ‘லாக் உண்டு’ என்று சொன்னால், இம்மூன்றில் எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிறுவனங்கள் கட்டித் தரும் பொட்டலம்

சேற்றுக்கு வேண்டியதை மட்டும் தனியே வாங்க முடிந்தால் இப்பாடமே தேவைப்படாது. நிறுவனங்கள் அவ்வாறு தருவதில்லை. தேவையான ஓர் உறுப்பை, தேவையில்லாத பத்து உறுப்புகளோடு சேர்த்துக் கட்டி மேல்நிலை வகையாக விற்கின்றன.

2010-இல் முதல் தார் வந்தபோது பிரிவு எளிமையாக இருந்தது. இரண்டு சக்கர இழுவை டீசல், நான்கு சக்கர இழுவை டீசல், இவற்றுக்கு மேல் வலிய என்ஜின் கொண்ட நான்கு சக்கர இழுவை வகை என மூன்றே படிகள். அவ்வண்டியில் காற்றுப்பை கிடையாது என்பதையும் மறக்கலாகாது. பழைய வண்டி வாங்க நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2020 அக்டோபரில் வந்த புதிய தாரில் நிலை மாறியது. 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் என்ஜினுடன் பின்சக்கர இழுவை மட்டும் கொண்ட வகை 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. நான்கு சக்கர இழுவை வேண்டுமெனில் 2.0 லிட்டர் பெட்ரோல் அல்லது 2.2 லிட்டர் டீசல் என்ஜினைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதே சமயத்தில் நான்கு சக்கர இழுவை வகைகளுக்குப் பொதுவாகப் பிரேக் முறை லாக் வைக்கப்பட்டு, இயந்திர லாக் மேல்நிலை டீசல் வகைக்கு உரியதாக ஆக்கப்பட்டது. 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸிலும் இதே வழக்கம்தான். அடிமட்டத்தின் எம்எக்ஸ்1, எம்எக்ஸ்3 வகைகளில் நான்கு சக்கர இழுவை வரவில்லை. எம்எக்ஸ்5-லிருந்தே கிடைத்தது, அதுவும் டீசலில் மட்டும்.

மாருதி நிறுவனம் 2023 ஜூனில் கொண்டுவந்த ஜிம்னி இதற்கு நேர்மாறு. ஜீட்டா, ஆல்ஃபா என்னும் இரண்டு வகைகளிலும் நான்கு சக்கர இழுவை, லோ கியர், பிரேக் முறை லாக், ஆறு காற்றுப்பைகள் ஆகிய அனைத்தும் உண்டு. மேல்நிலை ஆல்ஃபாவில் கூடுதலாகக் கிடைப்பவை அலாய் வீல், பெரிய திரை, தானியங்கிக் குளிர்சாதனக் கட்டுப்பாடு, எல்.இ.டி. விளக்கு போன்றவை. உழவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை; கீழ்நிலை வகையே போதும். ஆனால் இது பெட்ரோல் வண்டி. பாரம் ஏற்றுவதற்கும் உரியதன்று.

வகைகளின் பெயர்களும் இணைப்புகளும் ஆண்டுதோறும் மாறுவன. எனவே மேற்சொன்னவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஷோரூமில் அச்சிட்ட விவரத்தாளை வாங்கி, இழுவை, லோ கியர், லாக் ஆகிய மூன்று வரிகளையும் சிவப்புப் பென்சிலால் கோடிடுங்கள். மூன்றும் முதன்முதலாக எந்த வகையில் ஒன்று சேர்கின்றனவோ, அதுவே உங்களுக்குரிய வகை. அதற்கு மேலுள்ளவற்றின் பக்கம் போகாதீர்கள். மூன்றும் சேரும் வகை உங்கள் பணத்துக்கு எட்டவில்லையெனில், நான்கு சக்கர இழுவையைக் கைவிட்டு நல்ல டயர் போட்ட பின்சக்கர இழுவை வண்டியை எடுப்பதே முறை. பின்புறத்தில் இரண்டு மணல் மூட்டை வைத்தால் பின்சக்கரப் பிடிப்பு நன்றாகவே கூடும்.

வரியில் ஒளிந்திருக்கும் விலை

இணைப்புகளின் விலையைப் பார்க்கும் உழவர்கள் வரியின் படிகளைப் பார்ப்பதில்லை. இங்குத்தான் பெரும்பணம் போகிறது.

2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கு மேற்படாமலும், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்கோ பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்கோ மேற்படாமலும் உள்ள பயணிகள் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். தாரின் 1.5 லிட்டர் பின்சக்கர வகை முதற்பிரிவில் சேரும். அதே நீளமுள்ள 2.2 லிட்டர் நான்கு சக்கர வகையும், 1,462 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட ஜிம்னியும் இரண்டாம் பிரிவு. நான்கு சக்கர இழுவைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பெரும்பகுதி இரும்புக்கு அல்ல, வரிக்குப் போகிறது என்பதை இதனால் அறியலாம்.

அடுத்து மாநிலத்தின் வாழ்நாள் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று விதிக்கப்பட்டது. 9 லட்சத்து 99 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு வரி 1,29,870 ரூபாய். 21,000 ரூபாய் கூடுதலான வகையைத் தேர்ந்தெடுத்து விலை 10 லட்சத்து 20 ஆயிரம் ஆனால் வரி 1,83,600 ரூபாய். ஆக, 21,000 ரூபாய் இணைப்புக்கு 53,730 ரூபாய் வரி! 10 லட்சத்தைக் கடந்தால் ஒரு சதவீதம் வருமான வரியும் முன்கூட்டியே பிடிக்கப்படும். வரி வரம்புக்குள் வராத உழவர் கணக்குத் தாக்கல் செய்து அதனைத் திரும்பப் பெறலாம். பலர் பெறுவதில்லை.

கடனில் வாங்குவோர் இன்னொன்றும் கணக்கிட வேண்டும். கூடுதலாக 3 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் ஏழாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 4,900 ரூபாய். வட்டி மட்டும் 1 லட்சத்து 12 ஆயிரம். பயிர்க்கடன் வட்டியை மனத்தில் வைத்து இதனைப் பார்க்கக் கூடாது. இது கார் கடன்.

டயரும் சக்கரமும்

மேல்நிலை வகையை வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு சிறு பகுதியை டயருக்குச் செலவிடுக. சாலை டயர், இருவகை நிலத்துக்குமான டயர், சேற்று டயர் என மூன்று உண்டு. அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் - குன்றத்தூர் சாலையில் சென்று பின் மண்பாதையில் இறங்குவோருக்கு இரண்டாவது வகையே ஏற்றது. சேற்று டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும், மழையில் வழுக்கவும் செய்யும்.

சக்கரத்தில் இரும்பு ரிம் நன்று. கல்லில் மோதி நெளிந்தால் தட்டிச் சரிசெய்யலாம். அலாய் வெடித்தால் மாற்றியாக வேண்டும். புதிய தாரின் கீழ்நிலை வகையில் 16 அங்குல இரும்புச் சக்கரமும், மேல்நிலையில் 18 அங்குல அலாயும் வந்தன. சிறிய ரிம்மில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மண்பாதையில் குலுக்கலும் குறையும். மலிவானதே மேலானதாக அமையும் இடங்களுள் இது ஒன்று. டயரை மாற்றுவதானால் நிறுவனம் அந்த மாடலுக்கு ஒப்புக்கொண்ட அளவையே போடவேண்டும்.

சேற்றில் இறங்குமுன் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே வண்டி பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு, தரமான இழுவைப் பட்டை, ஒரு மண்வெட்டி ஆகிய மூன்றும் வண்டியில் இருக்கட்டும். தொடுதிரையைவிட இவை பயன்படும்.

வண்டிப்பாதையோடு நிறுத்திக்கொள்வதும் அவசியம். நான்கு சக்கர இழுவை இருக்கிறதென்று ஈர வயலுக்குள் ஓட்டினால், ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடை மண்ணை இறுக்கிவிடும். அத்தடத்தில் அடுத்த பயிரின் வேர் இறங்காது.

வெள்ளமும் இன்ஷூரன்ஸும்

விவரத்தாளில் ‘நீரில் செல்லும் ஆழம்’ என்றொரு வரி இருக்கும். தாருக்கு 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர் என்று நிறுவனங்கள் குறிப்பிட்டுள்ளன. இது தேங்கிய நீரில், மெதுவாகச் செல்வதற்கான அளவு. ஓடும் நீருக்கு இது பொருந்தாது. செம்பரம்பாக்கம் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. அதற்குக் கீழே கரையிலுள்ளது அனகாபுத்தூர். 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டபோது இப்பகுதி கண்டதை இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிச் சென்றுவிடும், நான்கு சக்கர இழுவை இருந்தாலும்.

‘ஸ்நார்க்கல்’ என்னும் உயர்ந்த காற்றுக்குழாய் கூர்க்காவில் நிறுவனத்திலிருந்தே வருகிறது. அது என்ஜினுக்குள் நீர் புகுவதைத் தடுக்கும். மின்கம்பிகளையும் அச்சுகளையும் காக்காது. நீரில் இறங்கி வந்தபின் அச்சு ஆயிலைச் சோதிக்க வேண்டும். பால் நிறமாகியிருந்தால் நீர் கலந்துள்ளது, உடனே மாற்றுக.

புறநகரில் குடியிருப்போர் மறவாமல் எடுக்க வேண்டிய இணைப்பு ஒன்று உண்டெனில், அது ஷோரூமில் இல்லை, இன்ஷூரன்ஸில் உள்ளது. சாதாரண முழுக் காப்பீடு, நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜினுக்கு ஏற்படும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. ‘என்ஜின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் பிரிவைக் கேட்டுச் சேர்க்கவும். அதற்காக, மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பலாம் என்று பொருளல்ல.

வேண்டாதவை

முன்புற இரும்புக் கம்பிக் காப்பு வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மோதலில் காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் அவை கெடுக்கும். வண்டியின் அமைப்பை நிறுவனத்தின் விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. உயரத்தைக் கூட்டுவதும், பின்னால் தொட்டி கட்டுவதும் இதில் அடங்கும். துணிக்கூரை வகை விலை குறைவாக இருப்பினும், வடகிழக்கு மழையிலும் தெருவில் நிறுத்தும் இடத்திலும் தொல்லை தரும். கடினக்கூரையே ஏற்றது. மிதியடி, இருக்கை உறை போன்றவற்றை வெளியில் வாங்கிக்கொள்ளலாம். வண்டி விலையோடு சேர்த்துக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டாம்.

காற்றுப்பை, நிலைப்புக் கட்டுப்பாடு, பின்னிருக்கை பெல்ட் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் கூடாது. இவற்றுக்காக ஒரு படி மேலே போக நேர்ந்தால் போகலாம்.

முன்பணம் கட்டுமுன்

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டி பெரும்பாலும் மேல்நிலை வகையாகவே இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வகையையே கேளுங்கள். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வராமல், விற்பனையாளரின் ஒப்புதலோடு ஒரு மண்பாதையில் லோ கியரைப் போட்டு எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் அந்த லீவர் வயதானோர் கைக்குக் கடினமாயிருக்கும். வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முன்பண ரசீதில் வண்டியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வகையின் முழுப்பெயர், என்ஜின், இழுவை, லாக்கின் விதம், சக்கர அளவு ஆகியவை எழுதப்பட வேண்டும். வண்டியை எடுக்கும் நாளில் இவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பில்லோடு சரிபாருங்கள். நான்கு சக்கர லீவரை ஷோரூம் வளாகத்து மண்தரையிலேயே ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுக. அதன்பின் மாதம் ஒருமுறையாவது, சேறு இல்லாத கோடையிலும், மண்பாதையில் சிறிது தூரம் அதனைப் போட்டு ஓட்டுங்கள். மாதக்கணக்கில் அசையாத லீவர் ஐப்பசி மழையில் அசையாது.